பட்டாவும் ஏரும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று பேர்பெற்ற பாறையில் ஒரு பூனை இருக்கிறது. மேலே நிற்கும் தவசியைப் போலவே அதுவும் கைகளை உயரத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். அதைப் பார்த்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் என் பாங்குக் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியிருந்தது.

பிரதம மந்திரியின் கிசான் திட்டப் பணம் அது. 2019-இல் தொடங்கியது, வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் தகப்பனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் நஞ்சை என் பெயரில் இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தக் கௌரவம் இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே சட்டப்படி நான் விவசாயி. சொர்ணவாரியும் நவரையும் போட்டு, ஏரித் தண்ணீருக்குக் காத்து நிற்பவர் வேறொருவர். தகப்பனார் காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்கிறவர். பட்டா அவர் பெயரில் இல்லை. அதனால் திட்டத்திலும் அவர் இல்லை.

2020-இல் நம் மாநிலத்தில், தகுதியே இல்லாத லட்சக்கணக்கானோர் பெயரில் இந்தப் பணம் எடுக்கப்பட்டது வெளியாயிற்று. வசூல், விசாரணை எல்லாம் நடந்தன. ஆள் பிடித்துக் கொடுத்த அந்தத் தரகர்களைப் பூனை என்று சொல்லிவிடலாம். என் விண்ணப்பத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் என்னை உறுத்துகிறது.

மானியம் என்பது பழைய சொல். ஊரில் ஒரு ஊழியம் செய்கிறவனுக்கு வரியில்லாமல் விட்ட நிலத்துக்கும் அதுவே பெயர். ஊழியம் நின்றால் மானியமும் போகும். நான் செய்யும் ஊழியம் என்ன? பட்டாவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பது. இந்த விஷயத்தில் இலவச மின்சாரம் எவ்வளவோ மேல். இணைப்பு யார் பெயரில் இருந்தாலும், மோட்டாரைப் போடுகிறவன் வயலுக்குத்தான் தண்ணீர் பாய்கிறது.

செங்கற்பட்டுச் சீமைக்கு இது புது வழக்கல்ல. இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். மிராசு ஒருவனுக்கு, உழைப்பு ஒருவனுக்கு. சேற்றில் நின்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை என்பதை அதில் சொன்னார். அதன் விளைவாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. மிராசு போய்விட்டது. அந்த இடத்தில் என்னைப் போன்றவர்கள் பட்டணத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

மகாபலிபுரத்திலிருந்து திரும்புகிற வழியில் நேரே வயலுக்குப் போனேன். 2,000 ரூபாயை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்?

அவர் பணத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "துட்டு இருக்கட்டும் ஐயா. நான்தான் பயிர் வெக்கிறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பயிர்க்கடன் வாங்கிக்குவேன். மழையில மூழ்கினா நிவாரணத்துக்கும் என் பேரை எழுதுவாங்க."

நியாயமான பேச்சு. குத்தகைதாரர் பெயரைப் பதிய 1969-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. ஆனால் பதிந்த பிறகு அவரை எளிதில் எழுப்ப முடியாது. 1955-இலேயே அதற்கும் சட்டம் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலோ நிலத்தை இப்போது சதுர அடிக் கணக்கில் கேட்கிறார்கள். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். இத்தனையும், அவர் பேசி முடிப்பதற்குள் என் மனத்தில் ஓடிவிட்டது.

"தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்றேன்.

இரண்டு தை பிறந்துவிட்டது. ஒவ்வொரு தவணையும் வந்தவுடன் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவரும் வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறார். கையெழுத்தைப் பற்றி அவர் அப்புறம் கேட்கவில்லை.