முயற்சி மட்டும் அறமாகுமா?

ஊக்கமுடையானை உலகம் போற்றும்; சோம்பனைப் பழிக்கும். இது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழக்கு. ஆயினும், ஒரு தொழிலை ஒருவன் அரும்பாடுபட்டுக் கற்றான் என்பதனாலேயே அத்தொழில் நல்லதாகிவிடுமோ? இவ்வினா இன்று நம் இளைஞர்தம் கைப்பேசியிலேயே எழுந்து நிற்கின்றது.

அந்தமான் தீவுகளில் இணையத் தொடர்பு நெடுங்காலம் துணைக்கோளை நம்பி மெலிந்து கிடந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வழியே கல்வி வந்தது. மருத்துவ ஆலோசனை வந்தது. சூதும் உடன் வந்தது.

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கற்கப் புகும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். முதலில் கண்ட சீட்டுக்கெல்லாம் பணம் வைத்துத் தோற்கிறான். பின்பு கணக்குப் பயில்கிறான். முதலில் வரும் இரு சீட்டும் ஏஸ் ஆக அமைவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறையே என அறிகிறான். கையில் இரண்டும் பொதுவில் மூன்றும் கண்டபின், ஓரினச் சீட்டு நான்கு சேர்ந்திருப்பினும், காணாத 47-இல் 9 சீட்டுகளே ஐந்தாவதாக உதவும் எனத் தெளிகிறான். தகாத சீட்டை விட்டொழிக்கிறான். தோற்ற சினத்தில் மேலும் பணம் வைக்கலாகாது என மனத்தை அடக்குகிறான். தன் பிழைகளை நாள்தோறும் ஏட்டில் குறிக்கிறான். பொறுமை, அடக்கம், தன்னையறிதல் ஆகிய இவை நற்குணங்கள் அல்லவோ? இவனைச் சோம்பன் என்று ஏசுவார் உண்மை அறியாதார்.

வழக்குமன்றங்களும் நெடுநாள் இதனையே ஆராய்ந்தன. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களெனக் கொண்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்களே என்று அப்பகுதியை நீக்கிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் தற்செயலாயினும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை விலக்கிற்று. சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் ஆசை மறுவாயில் தேடும். ஆதலின், அறத்தின் வினாவை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்: இத்திறமைக்குக் கூலி எங்கிருந்து வருகின்றது?

அறுவர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் அமர்கின்றனர் என்க. ஆட்டம் நடத்துவோர் திரளும் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வர். விடியும்போது அறுவர்பாலும் ஆறாயிரம் இராது. அறுவரும் ஒருங்கே கற்றுத் தேறினால் அறுவர்க்கும் நட்டமே. ஆகவே ஒருவன் வெல்வதற்கு அவன் அறிவு மட்டும் போதாது. மற்றவன் அறியாமையும் வேண்டும். தன்னினும் மெலியார் அமர்ந்த இடம் தேடி அமர்தல் இவ்வாட்டத்தின் முதற்பாடங்களுள் ஒன்று என்பதை ஆடுவோர் அறிவர்.

போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில் 1883-இல் நிறுவப்பட்ட மரமறுக்கும் ஆலையை நோக்குங்கள். புதிய தொழிலாளி படாக் மரத்தை அறுக்கக் கற்கையில் சில பலகைகள் கெடும். கை தேறத் தேற, மரம் வீணாவது குறையும். வாங்குவோன் நல்ல பலகை பெறுவான். அருகில் நிற்பவனும் அவனைக் கண்டு கற்பான். அவன் தேர்ச்சியால் பசித்தவர் எவருமில்லை. தறியும் அத்தகையது, ஏரும் அத்தகையது. சூதாடி தேறுந்தோறும் எங்கோ முகமறியாத ஒருவன் வீட்டில் உலை குறைகின்றது.

"அவனும் விரும்பித்தானே ஆடினான்?" என்பர் சிலர். விரும்பினான், மெய்தான். ஆனால் தான் எளிய இரையென்பதை அறிந்து விரும்பினானா? அறிந்திருந்தால் அவ்விடத்தில் அமர்ந்திருப்பானா? அறியாமையிலிருந்து பிறந்த இசைவை அறத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம்?

சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குச் சூதின் ஆறு கேடுகளைப் பகவன் புத்தர் எடுத்துரைத்தபோது, தோற்றவனை முதலில் கூறினாரில்லை. வென்றவன் பகை ஈட்டுகிறான் என்பதையே முதற்கண் வைத்தார். தோற்றவன் துயரும் பொருளழிவும் அதன் பின்னரே வருகின்றன. எண்வகை மார்க்கத்தில் அவர் வகுத்த நன்முயற்சியும் வெறும் உழைப்பன்று. தோன்றாத தீமையைத் தடுத்தல், தோன்றியதை நீக்கல், தோன்றாத நன்மையை எழுப்பல், எழுந்ததைக் காத்தல் என நான்காகும் அது. எதன் பொருட்டு முயல்கிறோம் என்பதே அதன் உரைகல்.

பெற்றோரே, பெரியோரே! இவ்வாட்டத்தில் சிக்கிய இளைஞனை வீணன் என்று தள்ளிவிடாதீர்கள். அவன்பால் கணக்கறிவுண்டு, காத்திருக்கும் பொறையுண்டு. அவற்றை இகழ்ந்தால் அவன் உங்களை விட்டு அதனிடமே செல்வான். பணம் வையாமல் நண்பருடன் ஆடி மகிழட்டும். அதில் எவர் உலையும் குறைவதில்லை. அக்கணக்கை ஒரு பள்ளிச் சிறுவனுக்குச் சொல்லித் தரட்டும். அப்பொறையை ஒரு கைத்தொழிலில் செலுத்தட்டும். இரவில் படுக்குமுன் ஒன்றை மட்டும் அவன் தன்னையே கேட்கட்டும்: "இன்று நான் தேறியதனால் எவர் நலம் பெற்றார்? எவர் இழந்தார்?" இவ்வினாவுக்கு மறைக்காமல் விடை கூறுகின்றவனுக்குப் பிறர் தடை விதிக்க வேண்டுவதில்லை.