எந்த மறதிக்கு எந்தப் பூட்டு

பாறை ஏறுகிறவர்கள் கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காரபினரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருப்பார்கள். நீளவாக்கில் எவ்வளவு தாங்கும், குறுக்கே இழுத்தால் எவ்வளவு, வாயை மூடும் கேட் திறந்து கிடந்தால் எவ்வளவு. பிலே கொடுக்க, அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காக்க, பயன்படும் பேரிக்காய் வடிவக் காரபினருக்கு ஈ.என். 12275 என்ற ஐரோப்பியத் தரநிலை வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு முறையே 20, 7, 6 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய நூறு கிலோ எடை. அதே உலோகம், அதே கனம். ஆனால் இரண்டாயிரம் கிலோ தாங்குவது, கேட் திறந்தால் அறுநூறில் வந்து நிற்கிறது. கேட்டின் நுனி எதிர்ப்பக்கத்து மூக்கில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்றாவது எண்ணைத்தான் காட்டுவேன்.

•

பாதாமியின் சிவந்த மணற்பாறைகளுக்குப் போகும்போது பையில் மூன்று வகையும் இருக்கும். கையால் திருகிப் பூட்டும் ஸ்க்ரூகேட். விட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் ட்விஸ்ட்லாக். தூக்கி, திருப்பி, அழுத்தினால்தான் திறக்கும் ட்ரிபிள்லாக். எது நல்லது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். எந்த இடத்தில் எதை மறப்பீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

•

ஸ்க்ரூகேட்டில் நம் மறதி வெளிப்படையானது: திருக மறந்துவிடுவோம். ஆனால் மறந்தது கண்ணுக்குத் தெரியும். திருகு வளையம் கீழே கிடக்கும், மரை வெளியே தெரியும். சில தயாரிப்புகளில் பூட்டாதவரை ஒரு சிவப்புக் கோடும் தெரியும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். வளையம் சில சுற்றுகளில் முட்டி நிற்கும். அங்கேயே விட்டுவிட வேண்டும். காரபினரில் எடை தொங்கும்போது அதன் உடல் மயிரிழை அளவு நீள்கிறது. அந்த நேரத்தில் வளையத்தை இறுக்கினால் வழக்கத்தைவிடச் சற்று மேலே ஏறிவிடும். எடை போனதும் உடல் பழைய அளவுக்குச் சுருங்க, வளையம் கவ்விக்கொண்டு விரலுக்கு அசைந்து கொடுக்காது. இடுக்கி தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி எடையைத் தொங்கவிட்டால் போதும், தானே இளகும்.

பாறையோடு உரசி அதிர்ந்துகொண்டிருந்தால் வளையம் மெல்லக் கழன்றுவரவும் கூடும். அதனால் பாறையில் அமைத்த பிடிமானமான ஆங்கரில் மாட்டும்போது, வளையம் கீழ்நோக்கி இறங்கிப் பூட்டும்படி திருப்பி மாட்டுவது வழக்கம். அப்போது புவியீர்ப்பு நம் பக்கம்.

•

ட்விஸ்ட்லாக்கில் திருக மறக்க வழியில்லை. அங்கே மறந்துபோவது பார்ப்பது. மணல் துகள் ஒன்று சுருள்வில்லில் புகுந்தால் வளையம் முழுவதும் திரும்பாமல் நிற்கும். கயிறோ, இடுப்பில் அணியும் ஹார்னஸின் பட்டையோ கேட்டின் நுனியில் சிக்கியிருந்தாலும் அப்படித்தான். ‘க்ளிக்’ என்ற சத்தத்தை நம்பிக் கண் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. மலை வழிகாட்டிகள் பிலே கருவி இல்லாதபோது கயிற்றையே காரபினரில் முறுக்கிப் போடும் முண்டர் முடிச்சில், கயிறு ஓடும்போது வளையத்தின்மேல் உரசும். உரசலே அதைத் திருப்பிவிட்டு, அதே கயிறு கேட்டையும் அழுத்தினால் வாசல் திறந்தது போலத்தான். அந்த முடிச்சுக்கு ட்விஸ்ட்லாக்கை நான் கொடுப்பதில்லை. ஸ்க்ரூகேட்டானாலும், கையில் பிடிக்கும் கயிறு கேட்டை விட்டு விலகி முதுகுப் பக்கமாக ஓட வேண்டும்.

•

1989இல் லின் ஹில் பிரான்ஸின் புயூ பாறையில் ஏறினார். அன்றைய உலகின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவர். கயிற்றை ஹார்னஸில் கோர்த்தவரின் கவனம், முடிச்சைப் போட்டு முடிக்குமுன் வேறு பக்கம் போயிற்று. முழுப் பாதையையும் ஏறி முடித்து, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது அது உருவிக்கொண்டது. இருபது மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் வேகத்தைக் குறைத்ததால் பிழைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து எல் காபிடானின் ‘நோஸ்’ பாதையைக் கை கால் பலத்தால் மட்டுமே ஏறி முடித்த முதல் மனிதர் அவர்தான்.

இங்கே காரபினருக்குப் பங்கில்லை. ஆனாலும் பூட்டுகளை யோசிக்கும்போதெல்லாம் இந்த விபத்து நினைவுக்கு வருகிறது. முடிச்சு அவருக்குத் தெரியாததல்ல. தொடங்கிய செயல் பாதியில் நின்றது, அவ்வளவுதான். திறமை வளர வளர கை தானாக இயங்குகிறது; தானாக இயங்கும் கைக்கு, பாதியில் நிறுத்திவிட்டோம் என்பது தெரிவதில்லை.

•

ட்ரிபிள்லாக்கை ஒருமுறை மாட்டிவிட்டு நெடுநேரம் தொடாமல் விடும் இடங்களுக்கு வைத்திருக்கிறேன். மரத்தில் தொங்கி வேலை செய்கிறவர்கள் அதை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது: கிளையும் கயிறும் ஓயாமல் உரசும் இடத்தில் மூன்று அசைவுகள் தற்செயலாக வரிசையாய் நடந்துவிடாது. ஆனால் ஆங்கரில் ஒரு கை பாறையைப் பிடித்திருக்க, மறு கையால் அதைத் திறந்து கயிற்றைக் கோர்ப்பது களைத்த நேரத்தில் பெரும்பாடு.

•

குறுக்கே இழுத்தால் தாங்கும் அளவான இரண்டாவது எண்ணை எந்தப் பூட்டும் தொடுவதில்லை. பிலே கொடுக்கும்போது கயிறு தளர்ந்தால் காரபினர் சுழன்று குறுக்காக நின்றுவிடும். பூட்டு பத்திரமாக இருக்கும், தாங்கும் திறனோ ஏழுக்கு இறங்கியிருக்கும். ஹார்னஸின் வளையத்தை அடிப்பகுதியிலேயே பிடித்து நிறுத்தும் சின்னக் கம்பி வைத்த காரபினர்கள் இதற்காகவே வருகின்றன. பிலேவுக்கு மட்டும் ஒன்று வாங்க முடிந்தால், கம்பி வைத்த ஸ்க்ரூகேட்டை வாங்கச் சொல்வேன். திருகும் அந்தச் சில நொடிகள், என் கண்ணையும் கூட வருகிறவரின் கண்ணையும் கேட்டின் பக்கம் கொண்டுவருகின்றன. ஏறுமுன் அவர் காரபினரை நான் அழுத்திப் பார்க்கிறேன், என்னுடையதை அவர்.

•

பாறையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, கேட்டைத் திறந்து மூடி மணலை வெளியேற்றி, நிழலில் உலர்த்திவிட்டு, சுருள்வில் பக்கம் மட்டும் உலர் மசகு ஒரு சொட்டு விடுகிறேன். அதற்குப் பிறகும் கேட் தயங்கி மூடுகிற காரபினரை ஓரங்கட்டி வைப்பதில்லை. வீட்டில் சாவி மாட்டக்கூட அது வேண்டாம். வேறு யாராவது நல்லதென்று நினைத்து எடுத்து ஹார்னஸில் கோர்த்துவிடக்கூடும் என்பதால், ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் போடுகிறேன்.