வாயிலோரத்து ஆசனம்

சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் கம்பம் நட்ட நாள் முதலாக, முல்லையாற்றில் இறங்கி நீர் மொண்டு, ஈரத் துணியோடு கரையேறி, அக்கம்பத்தின் மேல் ஊற்றிவிட்டு நகரும் மக்கள் திரளைப் பார்த்து நிற்பவருக்கு, இவர்களுள் நஞ்செய்க்கு உரியவர் யார், அந்த நஞ்செயில் நாற்று நட்டுக் கூலி வாங்குபவர் யார் என்று பிரித்தறிவது எளிதன்று. திருவிழா முடிந்து பந்தற்கால்களைப் பிடுங்கியபின், ஜூன் மாதத்தில் பெரியாற்று அணையிலிருந்து முதற்போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் உழவு தொடங்கும்போதோ, அந்த ஐயம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். வரப்பின் மேல் குடையோடு நிற்பவர் ஒருவர். சேற்றில் முழங்கால் புதையக் குனிந்து நிற்பவர் மற்றொருவர்.

வரப்புக்கும் சேற்றுக்கும் உள்ள இந்த உயரம் ஒரு முழந்தான். அந்த ஒரு முழம் ஊர்ப்பொதுவை ஆளும் மன்றத்துக்குள்ளும் தொடர்ந்து வரலாமா, வந்தால் அதனைச் சட்டத்தின் கையால் சமப்படுத்துவது நியாயமா, ஊராரிற் பெரும்பாலோர் மனமொப்பாத ஒரு வகுப்பாருக்கு ஊரின் தலைமைப் பதவியை ஒதுக்கித் தருவது ஜனநாயகத்துக்கு இசைந்ததா, முரணானதா என்பதே இங்கு எடைபோடத்தக்க வினா. இது நம் நாட்டில் மட்டும் எழுந்ததுமன்று, முதன்முறையாக எழுந்ததுமன்று.

குடியரசு என்ற பெயரை உலகுக்கு வழங்கிய ரோமாபுரியில், ஆட்சித் தலைவர்களான கான்சல்களைத் தேர்ந்தெடுத்த பேரவை 193 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. பிரிவு ஒன்றுக்கு வாக்கு ஒன்று. அவற்றுள் குதிரைப்படைக்குரிய செல்வர் பிரிவுகள் 18, முதல் வகுப்பாரின் பிரிவுகள் 80. இவ்விரண்டும் ஒத்துப்போனால் 98 சேர்ந்து பெரும்பான்மை அமைந்துவிடும், அத்தோடு வாக்கெடுப்பும் நின்றுவிடும். சொத்தொன்றும் இல்லாத ஏழைகள், தொகையில் எத்துணை ஆயிரவராயினும், ஒரே ஒரு பிரிவுக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய முறை வருமுன்பே பெரும்பாலும் காரியம் முடிந்துபோகும். வாக்குரிமை இல்லையென்று எவரும் அவர்களிடம் சொன்னதில்லை. உரிமை இருந்தது, அதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பந்தான் வரவில்லை.

இதைக் கேட்டு நகைப்பவர், நம் பெருமைக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டையும் ஒருமுறை நிதானமாகப் படிப்பது நலம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனம், முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் முறையையும், கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் விலக்கும் கண்டிப்பையும் வகுத்துரைப்பது மெய்தான். ஆயினும் குடத்துக்குள் எவருடைய ஓலை விழலாம் என்பதையும் அதே சாசனம் சொல்கிறது: வரி செலுத்தும் கால் வேலி நிலமும், தன் மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவராக, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். அது பிராமணர் சபை. அவ்வேலி நிலத்தை உழுதவனுடைய ஓலை குடத்தின் வாயைக்கூடக் கண்டதில்லை. மேடைதோறும் குடவோலையைப் புகழ்பவர் இந்த வரியையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும்.

ரோமாபுரியின் எளியோர், அதாவது பிளீபியர் எனப்பட்ட வகுப்பார், கி.மு. 494இல் படைக்கலத்தோடு நகரை நீங்கி ஒரு குன்றின் மேல் போய் அமர்ந்துகொண்டனர் என்பது அவர்தம் வரலாறு கூறும் செய்தி. கடனுக்கு அடிமையானவர்கள் போர்க்களத்துக்கு வரமாட்டோம் என்றபோதுதான், பாட்ரிஷியர் என்னும் பழங்குலப் பிரபுக்கள் இறங்கி வந்தனர். அதன் பயனாகத் தோன்றிய பதவி டிரிப்யூன் என்பது. அந்தப் பதவியாளர் தொடக்கத்தில் செனட் மண்டபத்துக்குள் நுழைய உரிமையின்றி, வாயிலோரத்தில் பெஞ்சு போட்டு அமர்ந்து, உள்ளே நிறைவேறும் தீர்மானங்களை ஆராய்ந்து ஏற்கவோ தடுக்கவோ செய்தனர் என்று வலேரியஸ் மாக்சிமஸ் என்ற ரோமானிய ஆசிரியர் எழுதுகிறார். தந்தம் இழைத்த ஆசனம் கான்சலுக்கு. டிரிப்யூனுக்கு வெறும் பெஞ்சு. ஆனால் ஒன்றில் மட்டும் அந்த எளியோர் ஏமாறவில்லை. பதவியை வாங்கியதோடு நில்லாமல், தங்கள் டிரிப்யூனைத் தீண்டியவனைக் கொல்லவும் தயங்கோம் என்று வகுப்பு முழுவதும் கூடிச் சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தையே அவருக்குக் கவசமாக அணிவித்தனர். இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும், பின்னர் தேவைப்படும்.

கி.மு. 367இல் அவர்கள் இன்னும் ஒரு படி ஏறி, இரண்டு கான்சல்களுள் ஒருவர் தம் வகுப்பினராதல் வேண்டும் என்று சட்டம் பெற்றனர். இக்காலச் சொல்லிற் கூறினால், இடஒதுக்கீடு. அப்போது எழுந்த ஆட்சேபங்களை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் வரலாற்றில் ஒரு பிரபுவின் வாயில் வைத்துச் சொல்கிறார். அவற்றுள் தலையாயது, தெய்வக் குறி பார்த்துச் சகுனம் கேட்கும் உரிமை தங்கள் குலத்துக்கே உரியது, பிளீபியன் கான்சலானால் தேவர்கள் முகம் திருப்பிக்கொள்வர் என்பது. ஊராட்சித் தலைவராக ஒருவர் வந்தால் அவருக்குக் கோயிலிலும் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை தரவேண்டி வருமோ என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் கவலைப்படுவதைக் கேட்டவருக்கு, அந்த ரோமானியக் குரல் அந்நியமாக ஒலிக்காது. சட்டம் வந்த பிறகும், கி.மு. 355 முதல் 343 வரையிலான இடைவெளியில் பல ஆண்டுகள் இரு கான்சல்களும் பிரபுக்களாகவே இருந்தனர். சட்டம் வெண்கலத் தகட்டில் இருந்தது. வழக்கம் தெருவில் இருந்தது.

வீரபாண்டியிலிருந்து தேனி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி. அவ்வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்னும் மூன்று ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும், 73ஆம் அரசியற்சட்டத் திருத்தத்துக்கும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்கும் இணங்க, 1996 தேர்தலில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கென ஒதுக்கப்பட்டவை. பத்தாண்டுகள் அப்பதவிகள் நிலையாக நிரம்பவில்லை. தேர்தல் அறிவிக்கப்படும், மனுச் செய்ய எவரும் வாரார், அல்லது, ஊரார் பேசி நிறுத்திய ஒருவர் மனுச் செய்து, வென்று, பதவிப் பிரமாணம் எடுத்த சூட்டோடு ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டிவிடுவார்.

ஊரார் தரப்பு வாதத்தை அலட்சியமாகத் தள்ளுதல் தகாது. எங்களை ஆள்பவரை நாங்கள் தேர்ந்தெடுப்பதுதானே ஜனநாயகம், இன்னாரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று கட்டளையிடுவது எந்த ஊர் நியாயம் என்று அவர்கள் கேட்டனர். கேள்வி எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒதுக்கீடு எவர் நிற்கலாம் என்பதை வரையறுத்ததேயன்றி, நிற்பவருள் எவரைக் கொள்வது என்பதை ஊராரிடமே விட்டிருந்தது. எவரும் நிற்கலாகாது என்று தடுத்தவர்களோ, நிற்க விரும்பியவரின் உரிமையோடு, வாக்களிக்க விரும்பிய ஒவ்வொருவரின் உரிமையையும், தங்கள் வீட்டுப் பெண்களின் உரிமை உள்பட, பறித்துக்கொண்டனர். மேலும், ஓர் ஊராட்சித் தலைவர் ஆள்வதுதான் என்ன? தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை, கணக்கு நோட்டு. இவ்வளவு சிறிய அதிகாரத்தை இவ்வளவு பெரிய பிடிவாதத்தோடு காத்தவர்கள் காத்தது அதிகாரத்தை அன்று, ஆசனத்தை. அந்த ஒரு முழத்தை.

ஆயினும் அவ்வட்டாரத்தாரைக் கொடியவர் என்று எழுதி முடிப்பவர் பாதிக் கதையை மட்டும் அறிந்தவர். அவ்வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டு, ஆடவரெல்லாம் கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீசார் கண்ணெதிரே படுத்துறங்க வேண்டும் என்று விதித்த ஆங்கில ஆட்சியின் ரேகைச் சட்டத்தை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு 16 பேர் பலியான மண் அது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழியும் வரை அந்த இழிவைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பிறப்பினால் ஒருவரை விலக்குவதன் வேதனையை அறியாதவர்களா? அறிந்தவர்களே. அறிந்தும் அவர்களுட் சிலர் பிறரை விலக்கினர் என்பதுதான் துயரம். ரோமாபுரியிலும் இதுவே நடந்தது: கான்சல் பதவியை எட்டிய பிளீபியக் குடும்பங்கள் பழைய பிரபுக்களோடு கொள்வினை கொடுப்பினை செய்து புதிய பிரபுக்களாகி, தாங்கள் நுழைந்த கதவைத் தங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டன. பட்ட துன்பம் மனிதனைத் தானாகவே நியாயவானாக்கும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் மிகக் குறைவு.

இனி, ராஜினாமாக் கடிதம் நீட்டியவரின் நிலை. பொதுமக்கள் தந்த பொறுப்பைப் பொம்மையாக ஏற்றுப் பொம்மையாகத் துறந்தது வஞ்சனையல்லவா என்று கேட்கலாம். நாளைக்கு எவருடைய வயலில் நாற்று நடப் போகவேண்டுமோ, எவருடைய தோட்டத்து வழியாகத் தன் ஆட்டை ஓட்டிப்போக வேண்டுமோ, அவரே எதிரில் நின்று கையெழுத்துப் போடு என்னும்போது, போடுபவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று அழைப்பது சொல்லுக்கே அவமானம். கி.மு. 139 வரை ரோமானியன் தன் வாக்கை வாயால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு உணவளிக்கும் பிரபு கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. அந்நாளைய ஏழையைக் கோழை என்று எவரும் இகழவில்லை. நம்மவரையும் இகழ்தல் தகாது.

குற்றத்தில் ஒரு பங்கு, சட்டம் செய்தவர்களுக்கும் உண்டு என்றே கூறவேண்டும். பதவியைத் தந்தார்கள், காவலைத் தரவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில், கலவரங்களுக்கும் தேர்தல் தடைகளுக்கும் நடுவே ஊராட்சித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் ஓடும் பேருந்தை மறித்தவர்களால் மற்றும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். குன்றின் மேல் அமர்ந்த பிளீபியர் பதவியோடு சத்தியத்தையும் செய்துகொண்டனர் என்பது இங்குதான் நினைவுக்கு வரவேண்டும். பின்னாளில் அந்தச் சத்தியத்தின் பலம் குன்றியபோது, நிலப்பங்கீடு கோரிய டிபேரியஸ் கிராக்கஸ் டிரிப்யூனாக இருக்கும்போதே கி.மு. 133இல் அடித்துக் கொல்லப்பட்டான். காவலில்லாத பதவி எளியவனுக்கு அளிக்கும் கௌரவமன்று. அவனைக் கூட்டத்தின் முன்னே தனியே நிறுத்துவதாகும்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் முறையாக நடந்தது. மாவட்ட ஆட்சியர் முதலியோர் ஊர் ஊராகச் சென்று பேசியதும், ஊர்களுக்குள்ளேயே மனம் மாறியவர்கள் துணை நின்றதும் அதற்குக் காரணங்கள். அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அத்தலைவர்களைச் சிறப்பித்தது. 2021 அக்டோபர் 2ஆம் நாள் பாப்பாபட்டிக் கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து அமர்ந்தார்.

எனினும் இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே, 2020இல், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, ஒதுக்கீட்டில் தேர்வான பெண் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். வாயிலோரத்தில் பெஞ்சு போட்டிருந்த டிரிப்யூனுக்காவது பெஞ்சு இருந்தது.

கிராம சபை ஆண்டில் பல முறை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் எவரும் போகலாம். அடுத்த முறை கூடும்போது வாசகர் தம் ஊரில் ஒருதரம் போய் வரவேண்டும். தீர்மானங்களை அப்புறம் படிக்கலாம், தலைவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.