மூளைக்காயமும் இருமொழியாளரும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒருவரை அவராக நிலைநிறுத்துவது நினைவா, மொழியா, உறவா என்னும் வினா மெய்யியலில் தொன்மையானது. தலையில் அடிபட்டு மூளைக்காயமுற்றோர் இல்லங்களில் அவ்வினா ஏட்டளவில் நில்லாது அன்றாட அறச்சிக்கலாகிறது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்னிறுத்தி இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருமொழி நிலம்

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. 1960இல் திருத்தணி அதனின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினும், இல்லத்தில் ஒரு மொழியும் தொழிலிடத்தில் மற்றொரு மொழியும் பேசுவோர் இங்குப் பலர்.

மீளும் மொழி

1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்புற முன்பகுதி சிதைந்திருத்தலைக் கண்டு உரைத்தார். பெரும்பாலோர்க்கு மொழியாற்றலில் மூளையின் இடப்பாதியே முதன்மை பெறுகிறது. அது காயமுறின் அஃபேசியா எனப்படும் மொழியிழப்பு நேரலாம். இருமொழியாளர்க்கு எம்மொழி முதலில் மீளும்? இளமையில் பதிந்தவையே எளிதில் அழியா என்னும் கருத்தை 1881இல் ரிபோ முன்வைத்தார். மிகப் பழகிய மொழியே முந்தும் என்றார் பித்ர், 1895இல். இவ்விரண்டும் எல்லார்க்கும் பொருந்தாமையைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. பலர்க்கு இருமொழியும் ஒருசேர மீள்கின்றன; சிலர்க்கு ஒன்று முந்துகிறது; சிலர்க்கு ஒன்று மீள்வதேயில்லை. எது மீளும் என்பது காயமுற்றவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று.

அறச்சிக்கல்

இல்லத்தில் தமிழ் பேசிய ஒருவர்க்குத் தொழிலிடத்துத் தெலுங்கு முதலில் மீள்வதாகக் கொள்வோம். தமிழில் வினவும் தாய்க்கு அவர் தெலுங்கில் விடையிறுப்பார். ‘என் மகன் என்னை மறந்தான்’ எனத் தாய் வருந்துதல் இயல்பே. எனினும் சொல்லை இழத்தல் வேறு, சொல் சுட்டும் உறவை இழத்தல் வேறு. பேச இயலாதவர் பிறர் கூறுவதை உணர்ந்திருத்தலும் உண்டு.

நினைவுத் தொடர்ச்சியே ஆளின் ஒருமைக்கு அடிப்படை என்பார் ஜான் லாக். அவ்வாறாயின் நினைவிழந்தவர் வேறொருவர் ஆதல் வேண்டும். ஆனால் அவரைப் பேணும் தாய் வேறொருவரைப் பேணுவதாகக் கருதுவதில்லை. ஒருவர் மறந்த உறவை மற்றவர் காத்து நிற்க இயலும். எனவே ஆளின் ஒருமை அவர்தம் நினைவில் மட்டுமன்றிச் சுற்றத்தாரின் நினைவிலும் தங்கியுள்ளது எனலாம்.

இதனின்று இரு கடமைகள் பிறக்கின்றன. ஒன்று, மீண்ட மொழியை நோக்கிச் சுற்றத்தார் செல்லுதல். இழந்த மொழியில் ஒப்புதல் கேட்டு, மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் அறமாகாது. மற்றொன்று, பேச்சுப் பயிற்சிக்குரிய மொழியைத் தேர்வதில் காயமுற்றவரின் விருப்பத்தை இயன்றவரை அறிதல். தாய்மொழியே முதலில் வேண்டும் என்பாரும், பிழைப்புக்குரிய மொழியே போதும் என்பாரும் அவர் பொருட்டுத் தாமே முடிவு செய்கின்றனர். மொழிப்பற்று உயர்ந்ததே; எனினும் அது மொழி பேசுவோரினும் உயர்ந்ததன்று.

முடிவுரை

அஃபேசியாவால் நேரும் நிலையான மொழிக்குறையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. சட்டம் உரிமையை வழங்கலாம்; உரையாடலை வழங்குவோர் உடன் வாழ்வோரே. மூளைக்காயத்தினின்று மீளுதல் காயமுற்றவர் ஒருவர்தம் செயலன்று. அவர்க்கு எஞ்சிய சொற்களைச் சுற்றத்தார் கற்றுக்கொள்ளுதலும் அதன் பகுதியே என்பது இதனால் பெறப்படுகிறது.