பாதியில் நின்ற பகுப்பு

டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்தால் பல வீடுகளில் விசாரணை தொடங்கிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா, எதைத் தின்றாய், உங்கள் வழியில் யாருக்காவது இப்படி உண்டா? கேள்வியெல்லாம் தாயிடம்தான். அவளும் கர்ப்பகாலத்தின் ஒவ்வொரு நாளையும் மனதுக்குள் கிளறிப் பார்க்கிறாள். அந்த நாள்களில் தேடிப் பயனில்லை. பெரும்பாலும் விஷயம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

நம் செல்களில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. முட்டையிலும் விந்திலும் அதைப் பாதியாக்குவது குன்றல் பகுப்பு. ஒவ்வொரு குரோமோசோமும் முதலில் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். பிறகு தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் ஜோடி சேர்ந்து, தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். முதல் பிரிவில் ஜோடிகள் விலகும், இரண்டாவதில் படிகள் விலகும். எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல்.

ஆணுக்கு இது பருவ வயதில் தொடங்கி ஓயாமல் நடக்கிறது. பெண்ணுக்கோ, அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முட்டைச் செல்கள் இந்தப் பகுப்பைத் தொடங்கி, குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. பூப்பெய்திய பிறகு மாதந்தோறும் பெரும்பாலும் ஒரு முட்டைதான் முதல் பிரிவை முடிக்கிறது. இரண்டாம் பிரிவு முடிய விந்து வந்து சேர வேண்டும். அப்படியானால் ஒருத்தியின் 38ஆம் வயதில் கருவாகும் முட்டை, அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே காத்திருந்த முட்டை! அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்ற புரதம். கருவிலேயே போடப்பட்ட அந்தக் கட்டு பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்டுகள் ஏற ஏற அது தளர்கிறது. 21ஆம் ஜோடி சரியாக விலகாமல் இரண்டும் முட்டைக்குள்ளேயே தங்கிவிட்டால், பிறக்கும் குழந்தைக்கு 47 குரோமோசோம்; டவுன் சிண்ட்ரோமுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இளம் தாய்மாருக்கும் இது நேர்வதுண்டு. சிறு பங்கு தந்தையின் விந்திலும் நேர்கிறது.

1959இல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்ப்பன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கூடுதல் குரோமோசோமை அறிவித்தார்கள். அதுவரை பெற்றோரின் மேகநோய்தான் காரணமோ என்று மருத்துவர்களே சந்தேகப்பட்டதுண்டு. எத்தனை பெண்கள் அந்தச் சந்தேகத்தைச் சுமந்தார்களோ!

குழந்தையின் குரோமோசோம் பரிசோதனை முடிவை வாங்கப் போகும்போது தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். கணவரும் மாமியாரும் உடன் போய், டாக்டர் விளக்குவதைத் தங்கள் காதாலேயே கேட்கட்டும்.