கிர்க்வாலில் ஒரு விசாரணை

கிர்க்வால் என்னும் கற்பனை நகரத்தின் உயரத்தில் நிற்கும் தேவாலயம், ஆண்டர்ஸ் என்ற மந்திரவாதி வைத்த வெடியால் கண்மூடித் திறப்பதற்குள் தூளாகிறது. எந்தக் கட்சியிலும் சேராமல் இரு தரப்பாரையும் அமைதிப்படுத்திக்கொண்டிருந்த எல்தினா என்னும் முதிய தலைமைக் குருவும் அதிலே மாண்டுபோகிறார். ஆடுபவர் அதுவரை ஆண்டர்ஸுக்கு உதவியிருந்தாலும் மறுத்திருந்தாலும், சிறைப்பட்ட மந்திரவாதிகளுக்காகப் பரிந்து பேசியிருந்தாலும் அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர் வீரர்களுக்குத் துணை நின்றிருந்தாலும், அந்த வெடிப்பு நிகழ்ந்தே தீரும். கனடா நாட்டு பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2011 மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘டிராகன் ஏஜ் 2’ என்ற வீடியோ கேமின் உச்சகட்டம் இது. அன்று அதை ஆடியவர்களிடையே மூண்ட சச்சரவு இன்னும் ஓயவில்லை. எனக்குள்ளேயும் அது நெடுநாள் ஓயாதிருந்தது.

முதற் பாகமாகிய ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ 2009 நவம்பரில் வந்தது. ஆறு வகைப் பூர்வகதைகளில் ஒன்றைத் தனதாக்கிக்கொண்டு, ஒரு நாடு முழுவதும் சஞ்சரித்து, அரியணையில் யாரை அமர்த்துவதென்பதையும் தானே நிர்ணயித்து, பேரழிவிலிருந்து தேசத்தை மீட்கும் பாக்கியம் அதிலே ஆடுபவருக்குக் கிடைத்தது. பல ஆண்டு உழைப்பில் விளைந்த அந்தக் காவியத்தை அடுத்து 16 மாதங்களில் வந்த இரண்டாம் பாகமோ, பிறந்த மண்ணை விட்டு அகதியாக ஓடிவந்த ஹாக் என்ற மனிதரின் ஏழு ஆண்டு வாழ்க்கையை, பெரும்பாலும் ஒரே நகரத்தின் மதில்களுக்குள் அடக்கிச் சொல்கிறது. அவசரத்தின் தழும்புகள் அதில் எங்கும் தெரிகின்றன. ஒரே குகை, வழிகளை மட்டும் மாற்றி அடைத்து, வேறு வேறு குகைகளென்று திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ஒரு பகைக் கூட்டம் வீழ்ந்ததும் அடுத்த கூட்டம் எங்கிருந்தோ வந்து குதிக்கிறது. இவை குற்றங்களே, எந்தத் தத்துவத்தைக் கொண்டும் இவற்றை மூடி மறைக்க நான் முற்படவில்லை.

ஆனால் ஜனங்களின் மனத்தைப் புண்படுத்தியது குகை அல்ல. ‘நான் எதைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றுதானே, பின் தேர்வு எதற்கு?’ என்பதே அவர்களுடைய அடிப்படையான முறையீடு. ஹாக்கின் தாய் கொடியவன் ஒருவன் கையில் சிக்கி, மகனோ மகளோ ஓடிவந்து சேர்வதற்குள் உயிர் தப்ப முடியாத நிலையை அடைந்துவிடுகிறாள். எவ்வளவு விரைந்தாலும் அவளைக் காப்பாற்ற இயலாது. மந்திரவாதிகளின் பக்கம் நின்றாலும் அவர்களுடைய தலைவர் ஆர்சினோ இறுதியில் ஹாக்கை எதிர்க்கிறார். டெம்ப்ளர்களின் பக்கம் நின்றாலும் அவர்களுடைய தளபதி மெரிடித் வாளை உருவுகிறாள். வினைக்குத் தக்க பலன் உடனே கையில் விழும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த விளையாட்டு மரபில் இது பெரும் துரோகமாகப் பட்டது. எனக்கும் அப்படியே பட்டது.

சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆடியபோதுதான், ஒன்றென்று நான் எண்ணி வெறுத்தவை உண்மையில் இரண்டு என்பது புலனாயிற்று. ஊழ் என்ற சொல்லை நம் முன்னோர் வழங்கிய பொருள், யாரோ ஒருவர் மேலிருந்து இட்ட கட்டளை என்பதன்று. செய்த வினை பழுத்து உதிர்வதே அவர்களுக்கு ஊழ். அதனாலன்றோ ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்! இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஆண்டர்ஸின் செயல் ஊழ். ஆண்டுக்கணக்கில் அவனோடு நடந்து, அவன் துயரமும் பிடிவாதமும் ஆவேசமும் வளர்வதைப் பார்த்திருந்தவருக்கு அந்த வெடிப்பு எதிர்பாராததாக இருக்கலாமே தவிர, காரணமற்றதாக இராது. ஆர்சினோவின் திரிபோ அப்படிப்பட்டதன்று. தம்மைக் காக்க வாளேந்தியவர் அருகிலே நிற்கும்போதே அவர் விகார உருவெடுத்து ஹாக்கின்மேல் பாய்வது எந்த வினையிலிருந்தும் பழுத்து விழவில்லை. அந்த இடத்தில் இன்னொரு போர் வேண்டுமென்று கதை விரும்பியதாகவே தோன்றுகிறது. தவிர்க்க முடியாமை என்ற ஒரே பெயரால் இவ்விரண்டையும் அழைத்து, இரண்டையும் சேர்த்துக் கண்டித்ததே எங்கள் பிழை.

மனிதனுக்கு மிஞ்சும் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்பதையும் இந்த விளையாட்டு வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. தோழர்களின் மனத்தை அளக்க இதில் நட்பென்றும் எதிர்ப்பென்றும் இரு திசைகள் உண்டு. ஓயாமல் மறுத்துப் பேசி எதிர்ப்பின் எல்லைவரை சென்ற ஹாக்கோடும் தோழர் கடைசிவரை நிற்கக்கூடும். நகரத்தின் கதியை மாற்ற முடியாத அதே ஹாக், ஒருவனோடு எப்படிப்பட்ட உறவில் நின்று அந்தக் கதியைச் சந்திப்பது என்பதை நிச்சயமாக மாற்ற முடிகிறது. பலனைப் பெயர்த்தெடுத்துவிட்ட பிறகும் செயலுக்குக் கனம் இருக்கிறதா என்று கர்மயோகம் பேசியவர்கள் கேட்ட கேள்வியை, முதற் பாகத்தைக் காட்டிலும் இந்தக் குறைபட்ட இரண்டாம் பாகமே துணிந்து கேட்டிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். தொழில்நேர்த்தியில் தாழ்ந்தது, தர்ம விசாரணையில் உயர்ந்து நிற்கிறது.

ஆண்டர்ஸின் உடலுக்குள் குடியிருப்பது நீதி என்னும் ஆவி. அவனுடைய கோபத்தோடு கலந்து கலந்து, அந்த நீதி பழிவாங்கும் வெறியாக மாறிவிட்டது என்பதே அவனுடைய துக்கம். இதை நினைக்கும்போதெல்லாம், இந்த விளையாட்டின் கதையாசிரியர்களில் ஒருவராகிய பெண்மணியின் மேல் 2012-இல் பொழியப்பட்ட வசைமொழிகளும் மிரட்டல்களும் என் நினைவுக்கு வருகின்றன. ஒரு கலைப்படைப்புக்கு நியாயம் கேட்கப் புறப்பட்டவர்கள் எந்தக் கணத்தில் வேறொன்றாக மாறினார்கள் என்பதை அவர்களே அறிந்திருக்க மாட்டார்கள். எல்தினாவைப் போலத் தீர்ப்பே சொல்லாதிருப்பதும் இதற்குப் பரிகாரம் அன்று. அவர் சொல்லாமல் விட்ட தீர்ப்பு நகரத்தை எங்கே கொண்டு சேர்த்தது என்பதைக் கதையே காட்டிவிடுகிறது.

வெடிப்புக்குப் பின் ஆண்டர்ஸ் முதுகைக் காட்டி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கொல்வதா, விரட்டுவதா, உடன் வைத்துக்கொள்வதா என்பதை ஹாக்கே முடிவு செய்ய வேண்டும். முதல் முறை ஒரு கணமும் தயங்காமல் கத்தியைத் தேர்ந்தேன். கதையை அமைத்தவர்கள்மேல் எனக்கிருந்த சினம் அந்த விரலில் இருந்தது. இரண்டாம் முறை, திரையில் சொற்கள் காத்திருக்க, நெடுநேரம் எதையும் அழுத்தாமல் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவனைப் போக விட்டேன். எல்தினாவைத் தாயாகப் போற்றிய தோழன் செபாஸ்டியன், படையோடு திரும்பி வருவதாகச் சூளுரைத்துவிட்டு என்னை விட்டுப் பிரிந்தான். அவனைத் தடுக்க எனக்கு வாய் எழவில்லை.