கழற்றியது யார்?

ஜனவரி மாதத்து ஊட்டியில், ராத்திரி எட்டு மணிக்கு, ஹீட்டர் வேலை செய்யாத காரில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். கால் இரண்டும் என்னுடையதுதானா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கார் நண்பருடையது. 1959-ம் வருஷத்து மாரிஸ் மைனர். அப்பாவின் கார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊட்டியில் குடியேறியபோது, வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, இதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காமல் சென்னையிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தவர்.

"இந்த ஹீட்டருக்கு மட்டும் ஏழாயிரம் ரூபாய் அழுதாச்சு. ஃபேன் மோட்டாரை மாத்தியாச்சு. உள்ளே இருக்கிற குட்டி ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தாச்சு. எவனோ வண்டியைக் கெடுத்து வெச்சிருக்கான்" என்று வழியெல்லாம் புலம்பினார்.

மறுநாள் காலை மெக்கானிக் பாய் வந்தார். வயசு எழுபது இருக்கும். ஸ்பேனரைத் தொடவில்லை. கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். பானட்டைத் திறந்தார். ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாய்கள் இரண்டையும் கையால் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை.

இந்த ஹீட்டர் சூட்டைத் தானாக உண்டாக்குவதில்லை. எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி, அதன் மேல் காற்றை ஊதி உள்ளே அனுப்புகிறது. ஆகவே பாயின் கணக்கு சுலபம். இரண்டு குழாயும் நல்ல சூடு, ஆனால் காற்று வரவில்லை என்றால் ஃபேனில் கோளாறு. ஒன்று சூடு, ஒன்று சில் என்றால் நடுவில் அடைப்பு, அல்லது தண்ணீரில் காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே சில் என்றால் எஞ்சின் மேலிருக்கும் ஹீட்டர் குழாயை யாரோ மூடியிருக்கிறார்கள். இங்கே இரண்டுமே வெதுவெது.

பாய் மூன்று நட்டுகளைக் கழற்றி ஒரு மூடியைத் தூக்கினார். உள்ளே காலி.

"தெர்மோஸ்டாட்டே இல்லையே சார். யாரோ கழட்டிட்டாங்க."

தெர்மோஸ்டாட் ஒரு வாசல்காவலன். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாது. சுமார் 80 டிகிரி செல்சியஸ் வந்ததும் கதவைத் திறக்கும். சில சமயம் திறக்காமலே சிக்கிக்கொள்ளும். எஞ்சின் கொதித்துவிடும். நம் ஊர் வைத்தியம் உங்களுக்குத் தெரியும்: 'கழட்டிப் போட்டுடுங்க சார்.' சென்னை வெயிலில் அதன் குறை பெரிதாகத் தெரியாது. மலையில் தெரியும். தண்ணீர் முதல் நிமிஷத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். எஞ்சினே சரியாகச் சூடாகாது. அப்புறம் ஹீட்டர் யாரிடம் கடன் வாங்கும்?

"எந்த முட்டாள்..." என்று ஆரம்பித்த நண்பர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "நான்தான்."

1998 மே மாதம். திண்டிவனம் தாண்டி கார் கொதித்து நின்றுவிட்டது. பின் சீட்டில் காய்ச்சலோடு மகள். ரோட்டோர மெக்கானிக் 'கழட்டிடவா சார்?' என்று கேட்க, இவர்தான் 'சரி' என்றிருக்கிறார். அரை மணியில் வண்டி கிளம்பியது. மகளை டாக்டரிடம் காட்டியாயிற்று. தெர்மோஸ்டாட் மறந்துபோயிற்று.

இப்போது சொல்லுங்கள், அவர் செய்தது தப்பா?

அன்றைக்குத் தப்பில்லை. அந்த வெயிலில், அந்தக் குழந்தையோடு, நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆபத்துக்கு ஒன்றைக் கழற்றுவது குற்றமில்லை. கழற்றியதை மறந்துவிட்டு, இருபது வருஷம் கழித்துக் குளிரும்போது 'எவனோ கெடுத்துட்டான்' என்று ஊரைத் திட்டுகிறோமே, அங்கேதான் கோளாறு.

பி.காம். படிக்கும்போது அனாமத்துக் கணக்கு என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். வரவும் செலவும் இடிக்கிறதா? வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டுவை. ஆனால் பிழையைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கைத் தீர்க்காதவரை வேலை முடியவில்லை.

மாரிஸ் மைனரைச் செய்த இங்கிலாந்தில், 1842-ல் பிரதமர் ராபர்ட் பீல் வருமான வரியை மூன்று வருஷத்துக்கு என்று சொல்லித்தான் திரும்பக் கொண்டுவந்தார். இன்றுவரை போகவில்லை. ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சட்டப்படி அது இன்னமும் தற்காலிக வரிதான். ஒவ்வொரு வருஷமும் பார்லிமென்ட் புதுசாக ஒப்புதல் தர வேண்டும். வருஷத்துக்கு ஒருதரமாவது 'இது இன்னும் வேணுமா?' என்ற கேள்வி அங்கே எழுந்தே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் அந்தக் கேள்வி எழுகிறதா? என்றைக்கோ நடந்த ஒரு விபத்துக்காகப் போட்ட 'எட்டு மணிக்கு மேல வெளியே போகக்கூடாது', கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்ணுக்கும் தொடர்கிறது.

எனக்கும் ஒன்று உண்டு. 2009-ல் சம்பளம் மாசக்கணக்கில் நின்றுபோனது. ஊரிலிருந்து போன் வந்தாலே பணம் கேட்பார்களோ என்று பயம். எடுப்பதை நிறுத்தினேன். அந்த வருஷம் அது என்னைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. சம்பளம் திரும்பி வந்தது. போன் எடுக்கும் பழக்கம் வரவில்லை. 'ஊர்க்காரங்க முன்ன மாதிரி ஒட்டறதில்லை' என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்வேன்.

போன வருஷம் சித்தப்பா மூன்று தரம் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல எடுக்கவில்லை. பிறகு அவர் பையன் சொல்லித் தெரிந்தது. மாமரம் நன்றாகக் காய்த்திருந்ததாம். ஒரு கூடை அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.

பாய் புது தெர்மோஸ்டாட்டை மாட்ட அரை மணிதான் ஆனது. அன்று மாலை தொட்டபெட்டா பக்கம் போனோம். கால் கதகதவென்று இருந்தது. நண்பர் வண்டி ஓட்டிக்கொண்டே சென்னையிலிருக்கும் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்ததும் நான் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.